காற்று இலவசம், கயிறு இலவசமல்ல



அண்மையில் என் மருமகன் முறையான ஒரு வாலிபர் கடைக்கு வந்தார். தன்னாமுனையைச் சேர்ந்த நண்பர் ஒருவருடன் சேர்ந்து பாய்ப்படகு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். திருகோணமலைக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் விற்கும் படகு அது. 32 அடி நீளம், பைபர் உடல், ஏறக்குறைய ஐம்பது வயது. உள்ளே படுக்கை, குசினி எல்லாம் உண்டு. தன்னாமுனை வாவிக் கரையில் கட்டி, பாசிக்குடா வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிப்பது திட்டம். பாதிப் பணம் மனைவியின் நகையை விற்று, மீதி வட்டிக் கடனில்.

"காற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லையே மாமா" என்றார்.

நான் ஏறாவூரில் கயிறும் வலையும் பெயின்ட்டும் விற்று வயதானவன். உடனே மறுத்துவிடாமல், ஜும்ஆவுக்குப் பிறகு தன்னாமுனைக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன்.

அவருடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. சிங்களச் சகோதரர்கள் நம்மை இன்றும் 'மரக்கல' என்று குறிப்பிடுவதுண்டு. மரக்கலத்தில் வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர். அப்படிப்பட்ட சமூகத்தில் இன்று கடைக்கும் லொறிக்கும் முதல் போடுபவர்கள் நிறையப்பேர். படகுக்கு முதல் போட நினைப்பவர் அபூர்வம். அப்படி ஒரு பிள்ளை வந்தால் கணக்கைச் சரியாகக் காட்டிக் கொடுப்பது மூத்தவர்களின் கடமை.

முதலில் அந்த வகைப் படகின் பெருமையைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் லிமிங்டனில் ஜெரமி ரோஜர்ஸ் என்பவர் 1970களின் தொடக்கத்திலிருந்து கட்டிய 'கொன்டெஸா 32' அதற்கு நல்ல உதாரணம். குடும்பத்தோடு தூரப் பயணமும் போகலாம், பந்தயமும் ஓடலாம். படகின் எடையில் ஏறக்குறைய பாதி, அடியில் உள்ள கீலில் இருக்கிறது. அதனால் காற்றில் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். 1979 ஆகஸ்டில் நடந்த பாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்து 15 போட்டியாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் பந்தயத்தில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் ஓட்டத்தை முடித்தது ஒரேயொரு படகு. அது ஒரு கொன்டெஸா 32. இவ்வகையில் 700க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. 1980களில் அந்தத் தொழிலகம் நொடித்துப் போனது. ஆனால் படகுகள் நொடிக்கவில்லை. பின்னாளில் அதே குடும்பம் பழைய படகுகளைப் புதுப்பித்துக் கொடுப்பதையே தொழிலாக்கிக் கொண்டது.

ஆக, நல்ல பாய்ப்படகு தன் சொந்தக்காரனுக்கு மூன்றைக் கொடுக்கிறது: நீண்ட ஆயுள், கடலில் நம்பிக்கை, எரிபொருள் மிச்சம். கடைசியாகச் சொன்னதன் அருமையை நாம் 2022இல் கண்டோம். மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. எண்ணெய்க்குத்தான் கியூ நின்றோம், காற்றுக்கு யாரும் கியூ நிற்கவில்லை.

இனிச் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். மருமகன் கவனிக்காத ஒன்று, பழைய படகின் விலைதான் பழையது, அதன் செலவு புதியது. ஐம்பது வருடப் படகை மலிவாக வாங்கலாம். ஆனால் கிழிந்த பாயை மாற்றப் போனால், புதிய படகுக்கு என்ன விலையோ அதே விலைதான். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகளை பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வருடம் ஒருமுறை கரையேற்றி, அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாத பெயின்ட் பூச வேண்டும். பாய் இருந்தாலும் துறைக்குள் நுழைய எஞ்சினும் வேண்டும். படகின் பெறுமதியில் பத்தில் ஒரு பங்கு வருடாவருடம் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் வழக்கமான கணக்கு. பழைய படகுக்கு அந்தப் பத்தில் ஒன்றை, நீங்கள் வாங்கிய விலையில் பார்க்காதீர்கள். அதே படகு புதிதாக என்ன விலையோ அதில் பாருங்கள்.

வருமானமோ வருடம் முழுவதும் இல்லை. நமது கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் புரட்டாசி வரை அமைதி. வாடைக்காற்று தொடங்கினால் பயணிகளும் வரமாட்டார்கள், படகும் வெளியே போகாது. வட்டிக்காரனுக்கு வாடையும் ஒன்று, கச்சானும் ஒன்று. வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். ஆறு மாத வருமானத்துக்குப் பன்னிரண்டு மாதத் தவணை கட்டுவது வியாபாரப் புத்தியும் அல்ல.

தன்னாமுனைக்குப் போனோம். மருமகனின் நண்பருடைய தகப்பனார் வாவியில் தோணி வலித்து வளர்ந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "காக்கா, இது எவ்வளவு தண்ணி கேட்கும்?"

கொன்டெஸா 32 போன்ற படகின் கீல் தண்ணீருக்குள் ஐந்தரை அடி இறங்கும். அவர் தோணியில் எங்களை ஏற்றிக்கொண்டு போய், தாங்குகோலை ஊன்றி ஊன்றிக் காட்டினார். வெகுதூரம் வரைக்கும் கோல் நனைந்தது இடுப்பளவுதான். அதற்கு மேல் முகத்துவாரம். மழைக்காலத்தில் அது திறந்து வெள்ளம் கடலுக்கு ஓடும். வரட்சியில் மணல்மேடு அடைத்துவிடும். அதாவது கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வாசல் மூடிக் கிடக்கும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி நம்முடையது. ஆனால் அந்தப் படகு அதற்குரியதல்ல. மருமகன் மௌனமாகத் திரும்பி வந்தார்.

அப்படியானால் எண்ணத்தையே விட்டுவிடுவதா? நான் அப்படிச் சொல்லவில்லை. வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற 89 அடிப் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் அதற்கு முன்பே சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர். கப்பல் தெரிந்தவர் ஒருவர் நம் நாட்டுக் கையால் கட்டியதை நம்பிக் காசு கொடுத்தார். வல்வெட்டித்துறைத் தண்டயலும் மாலுமிகளும் அதைச் சூயஸ் வழியாக ஓட்டிச் சென்று, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். அந்தக் கப்பலுக்கு மதிப்புக் கொடுத்தது, அதைக் கட்டவும் ஓட்டவும் தெரிந்த கைகள் ஊரிலேயே இருந்ததுதான்.

இன்று உலகத்தில் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகை 'கெட்டமரான்' என்கிறார்கள். அது நமது கட்டுமரம் என்ற சொல்தான். ஆழக் கீல் இல்லாததால் அது குறைந்த தண்ணீரில் மிதக்கும். உள்ளூரில் பைபர் வள்ளம் கட்டுபவர்களிடம் அப்படியொரு சிறிய படகைக் கட்டுவிக்கலாம். உடைந்தால் அவர்களே திருத்துவார்கள். கடலுக்குப் போக வேண்டியதும் இல்லை, வாவியே போதும்.

முதலுக்கு என்ன வழி? சூரத்துல் கஹ்பில் வரும் மரக்கலத்தை நினைத்துப் பாருங்கள். அது ஒரு பணக்காரனுடையது அல்ல, கடலில் உழைத்த ஏழைகள் பலருடையது. அந்த வழி நமக்கு முன்னால் இருக்கிறது. ஏறாவூரிலிருந்து இருவர் முதல் போடட்டும். தன்னாமுனை நண்பர் தன்னால் இயன்ற முதலோடு அனுபவத்தையும் கொண்டு வரட்டும். முஷாரகா முறையில் இலாபத்தைப் பேசிய விகிதப்படியும், நட்டத்தை அவரவர் முதலின்படியும் பகிர்ந்து கொள்ளலாம். நகையும் தப்பும், வட்டியும் இல்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே படகில் உழைப்பது, கடந்த கால நோவுகளைப் பார்த்த நமக்கு இலாபத்தில் சேராத இன்னொரு இலாபம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைக்கிறேன். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். உயிர்காப்பு அங்கி, பதிவு, காப்புறுதி, ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாமல் ஒரு பயணியைக்கூட ஏற்றக் கூடாது. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் போடுங்கள். அதைப் போட்ட பிறகும் இலாபம் தெரிந்தால் மட்டும் படகைக் கட்டுங்கள்.

மருமகன் நகையை விற்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னாமுனைக்குப் போய்த் தோணி வலிக்கப் பழகுகிறார். படகு வாங்குவதற்கு முதல் படியே அதுதான் என்று நினைக்கிறேன். அவருடைய முயற்சியிலும் நம் அனைவரின் முயற்சிகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.