பெண்களும் தேகப்பயிற்சியும்

பெண்கள் பிறவியிலேயே பலஹீனர்கள், அது கடவுள் அமைப்பு என்று வைதீகர்கள் சொல்லி வருகிறார்கள். அப்படியானால் பேசாப்படக் காலத்து நடிகைகள் விஷயத்தில் அந்தக் கடவுள் தூங்கிப் போனாரா என்று கேட்கின்றோம்.

1886-ல் சிட்னி நகரில் பிறந்த அன்னெட் கெல்லர்மன் என்ற அம்மையார், சிறு வயதில் கால்களில் பலமில்லாமல் இரும்புப் பட்டை கட்டி நடந்தவர். அதைத் தலைவிதி என்று விடவில்லை. நீச்சல் பழகினார், கால் தேறிற்று. 1914-ல் "நெப்டியூனின் மகள்" படத்தில் நீந்தியும் பாய்ந்தும் நடித்தார். அதே வருஷத்தில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு தொடர்ப்படத்தில் ஹெலன் ஹோம்ஸ் என்ற அம்மையார் ஓடும் ரயிலில் தாவினார். அந்நாட்டுப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்ததோ 1920-ல்தான்! ரயிலைத் தாவிப் பிடித்தவளுக்கு ஓட்டுச் சீட்டைப் பிடிக்க யோக்கியதை இல்லையாம்!

இதிலும் ஒரு புரட்டு உண்டு. கெல்லர்மன் 1918-ல் வெளியிட்ட தேகப்பயிற்சிப் புத்தகத்தின் பெயரும் அழகைக் காப்பது பற்றியதே. அங்கே பெண்ணின் பலம் ஆண் கண்ணுக்கு அழகு. இங்கே நல்ல பிள்ளை பெறுவதற்குச் சாதனம். அவளுக்காக அவள் பலம் பெறக்கூடாதா?

பெண் வயதுக்கு வந்ததும் ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்துகின்ற வீடுகள் இன்றும் உண்டு. அங்கே இரும்புப் பட்டை நடக்க முடியாத காலை நடக்க வைக்கக் கட்டப்பட்டது. இங்கே சம்பிரதாயம் ஓடுகின்ற காலைக் கட்டுகிறது. பெற்றோர்களே, முதலில் அந்தக் கட்டை அவிழ்த்து விடுங்கள்.