உறைந்துபோன ஓய்வூதியம்

பணி ஓய்வு பெற்றபின் எங்கே வாழ்வது என்னும் கேள்வி செல்வர்க்கு மட்டும் உரியதாக இருந்த காலம் மலையேறிவிட்டது. அறுபத்தைந்து வயதிலும் நடையும் நினைவும் தளராத முதியோர் இன்று பலர். அவர்களுள் சிலர் கடலோர வெயிலை நாடிச் செல்கின்றனர். சிலர் மக்களும் பேரக்குழந்தைகளும் குடியேறிய நாட்டைத் தேடிச் செல்கின்றனர். வேறு சிலர், வாலிபத்தில் விட்டுவந்த சொந்த மண்ணுக்கே திரும்புகின்றனர். அயல்நாட்டில் அமைதியான முதுமை என்று அழகிய படங்களோடு ஆசை காட்டும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. அவ்விளம்பரங்கள் பேசாத செய்தி ஒன்றை நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

பிரிட்டனில் பல்லாண்டுகள் உழைத்துத் தேசியக் காப்பீட்டுச் சந்தா செலுத்திய ஒருவருக்கு முதுமையில் அரசு ஓய்வூதியம் கிடைக்கிறது. உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் அதைப் பெறலாம். ஆனால் விலைவாசிக்கும் ஊதியத்துக்கும் ஏற்ப ஆண்டுதோறும் வழங்கப்படும் உயர்வு எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், துருக்கி, இஸ்ரயேல், பிலிப்பைன்ஸ், ஜமைக்கா ஆகியவற்றில் வாழ்வோர்க்கு உயர்வு உண்டு. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை ஆகியவற்றில் வாழ்வோர்க்கு இல்லை. முதல் நாளில் பெற்ற தொகை எதுவோ, அல்லது நாட்டைவிட்டுப் புறப்பட்ட நாளில் பெற்ற தொகை எதுவோ, அதுவே இறுதிவரை. உறைந்த ஓய்வூதியம் என்றே அங்கு இதற்குப் பெயர். ஏறத்தாழ நான்கரை இலட்சம் முதியோர் இந்த உறைபனியில் சிக்கியுள்ளனர்.

கணக்கைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுண்டு. அதே ஓய்வூதியம் 2025-26-இல் 176.45 பவுண்டு. 2000-இல் ஓய்வு பெற்று அமெரிக்காவில் குடியேறியவர் பின்னதைப் பெற்றார். அதே ஆண்டில் ஓய்வு பெற்றுக் கனடாவில் குடியேறியவர் முன்னதையே பெற்றார். நயாகரா அருவியின் ஒரு கரையில் வீடிருந்தால் முழுத் தொகை, மறுகரையில் வீடிருந்தால் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு! இருவரும் ஒரே தொழிற்சாலையில் அருகருகே நின்று உழைத்திருக்கலாம். ஒரே அளவு சந்தாவும் செலுத்தியிருக்கலாம். அருவிக்குத் தெரியாத இந்த வேறுபாடு அரசாணைக்கு மட்டும் தெரிகிறது.

இதற்கு அரசு சொல்லும் சமாதானம் என்ன? உயர்வு என்பது பிரிட்டனின் விலைவாசியை ஒட்டியது. வெளிநாட்டு விலைவாசிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது ஒன்று. அப்படியானால் மணிலாவின் விலைவாசிக்கு மட்டும் பொறுப்பேற்பது எப்படி? இருநாட்டு ஒப்பந்தம் உள்ள இடங்களில் கொடுக்கிறோம் என்பது மற்றொன்று. ஒப்பந்தம் செய்வதும் செய்யாமலிருப்பதும் அரசின் கையில் இருக்கும்போது, அது இல்லை என்பதையே காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. ஆஸ்திரேலியா பலமுறை கேட்டுப் பார்த்தது. உறைந்த தொகையால் ஏற்பட்ட குறையைத் தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்து சலித்தபின், 2001-இல் பிரிட்டனுடன் இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. அதற்கும் இலண்டன் அசையவில்லை.

நீதிமன்றத்தையும் நாடிப் பார்த்தனர். 1989-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆனெட் கார்சன் என்னும் பெண்மணி, அங்கிருந்தபடியே தாமாக முன்வந்து சந்தாவைத் தொடர்ந்தவர். அவர் தொடுத்த வழக்கைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2005-இல் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 மார்ச்சில் 11-க்கு 6 என்ற வாக்கில் தள்ளியது. சந்தாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் நேரடிப் பிணைப்பு இல்லை. ஆகவே வெளிநாட்டில் வாழ்பவர் தம்மை உள்நாட்டில் வாழ்பவரோடு ஒப்பிட முடியாது என்பது பெரும்பான்மையோரின் கருத்து. சட்டம் அவ்வாறு இருக்கலாம். ஆனால் சந்தா வாங்கும் நாளில், இதற்கும் உன் முதுமைக்கும் நேரடித் தொடர்பில்லை என்று எந்த அரசாவது தொழிலாளியிடம் சொன்னதுண்டா?

விசித்திரம் இதோடு முடியவில்லை. உறைந்த நாட்டில் வாழும் முதியவர் பிரிட்டனுக்கு விருந்தினராக வந்தால், தங்கியிருக்கும் வாரங்களுக்கு மட்டும் புதிய தொகையைக் கேட்டுப் பெறலாம்; விமானம் ஏறியதும் பழைய தொகை. 1982-இல் எந்தத் தீவுகளுக்காகப் பிரிட்டன் போர் புரிந்ததோ, அந்தப் ஃபாக்லாந்துத் தீவுகளில் வாழும் ஓய்வூதியருக்கும் உயர்வு கிடையாது. இப்படி வெளியே வாழ்வோர் பிரிட்டனின் மருத்துவமனைப் படுக்கையையோ முதியோர் இல்லத்தையோ பெரும்பாலும் நாடுவதில்லை. அதனால் மிச்சமாகும் செலவை எந்த அமைச்சரும் விரும்பி எடுத்துரைப்பதில்லை.

நம் மக்களையும் இது தொடுகிறது. இலண்டனிலும் பர்மிங்காமிலும் மருத்துவமனைகளிலும் தொடர்வண்டிகளிலும் அஞ்சலகங்களிலும் உழைத்த தமிழர், திருச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பி வந்து வாழ எண்ணினால், அன்று முதல் அவர்களது ஓய்வூதியம் நின்ற இடத்திலேயே நிற்கும். 2016-க்குப்பின் வந்த புதிய ஓய்வூதியத் திட்டமும் இதற்கு விலக்கல்ல. பத்தாண்டில் மருந்துக்கு ஆகும் செலவு எவ்வளவு ஏறும் என்பதை நம் வீட்டு முதியோரைக் கேட்டாலே தெரியும். ஊர் திரும்பும் ஆசையை அடக்கிக்கொண்டு குளிரிலேயே தனித்திருப்போரும் உண்டு.

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதனோடு சேர்த்துப் பேசி முடிக்கப்பட்ட ஏற்பாடு ஒன்று, தற்காலிகப் பணிக்குச் செல்வோரும் அவர்களை அனுப்பும் நிறுவனங்களும் இரு நாட்டிலும் சந்தா கட்டும் சுமையைக் களைகிறது. நல்லதே. ஆனால் சந்தாவைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய மேசையில், சந்தா கட்டி முடித்து முதிர்ந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாமே! பாதிக்கப்பட்டோர் பழைய பாக்கியைக்கூடக் கேட்கவில்லை. இன்று பெறும் தொகையிலிருந்தாவது இனிவரும் உயர்வுகளைத் தாருங்கள் என்றுதான் கேட்கின்றனர். அந்த அளவு கோரிக்கையையேனும் புதுதில்லி தன் பெயரால் இலண்டன் முன் வைக்கவேண்டும் என்கிறோம்.