மணியும் கலர் கயிறும்

ஆர்.கே.நாராயணன் ஆங்கிலத்தில் எழுதி 1935ல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' படிச்சிருக்கீங்களா? அதில் வகுப்புக்கே தாதா மணிதான். கடைசி பெஞ்சில் தூங்குவான், வாத்தியாரே கண்டுக்க மாட்டார். புதுசா வந்த ராஜத்தை ஆற்றில் தூக்கிப் போடுவேன்னு தடியோடு கிளம்புறான். ராஜம் ஏர்கன்னோடு வர்றான். யாருக்கு யார்மேல் என்ன கோபம்னு பேசிப் பார்த்தால் பெரிசா ஒண்ணுமில்லை. சிநேகிதம் ஆயிடுறாங்க! 2009ல் வந்த 'பசங்க' படமும் கிட்டத்தட்ட இதே ரூட்தான்.

ஆனா எங்க தூத்துக்குடிக்கு அடுத்த மாவட்டமான நெல்லையில் கதை வேற. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், தன்னைச் சீண்டியவர்கள் மேல் பள்ளியில் புகார் கொடுத்த தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கலர் கயிறு கூடாது என்று 2024ல் பரிந்துரைத்தது.

என்னைக் கேட்டால், அந்தக் கயிறு நம்ம சிறுவர் கதைகளுக்குள்ளும் வரணும். மணி கையில் இருந்தது வெறும் தடி. கயிறு கட்டினவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிக்குது. அதை மறைச்சு, கை குலுக்கினா சரியாப் போயிடும்னு எழுதினா, அடி வாங்குற பையன் நம்ப மாட்டான்.

சிரிக்க வைக்காதீங்கன்னு சொல்லலை. நல்லா சிரிக்க வைங்க. ஆனா வகுப்பு சிரிக்கிறது சாதிக் கயிறைப் பார்த்து இருக்கட்டும், அடிபடுறவனைப் பார்த்து இல்லை.