திரையில் கிடப்பதும் ஒரு மனிதர்தான்

சித்தூரிலும் திருப்பதியிலும் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்த வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "முன்ன மாதிரி பிணத்தை அறுக்க வேண்டியதில்லைங்க. டேபிள் அளவுக்குப் பெரிய ஸ்கிரீன் வந்துடுச்சு. விரலால தேய்ச்சா தோல் விலகும், இன்னொரு தடவை தேய்ச்சா தசை விலகும். எல்லாம் அதுலயே கத்துக்கலாம்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணை ஃபார்மலின் நெடி அடிக்கும் டிஸெக்‌ஷன் ஹாலுக்கு அனுப்பப் பெற்றவர்கள் தயங்குவது இயல்பு. ஆனால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்காமல், "அப்புறம் உடல் தானம் எதுக்கு?" என்ற இடம்வரை வந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், உடலே தேவையில்லை என்ற வாதம். அந்தத் திரையில் தெரியும் உருவம் எங்கிருந்து வந்தது? இவ்வகைக் கருவிகளுக்கு வழி திறந்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'விசிபிள் ஹியூமன்' திட்டம். 1993இல் டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயது ஆண் ஒருவர் தன் உடலை அறிவியலுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிச் சீவி, 1,871 குறுக்குவெட்டுப் படங்களை எடுத்தார்கள். 1995இல் மேரிலாந்தைச் சேர்ந்த 59 வயதுப் பெண்ணின் உடல். அப்போது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக் கனம், 5,000க்கு மேற்பட்ட படங்கள். பிறகு கொரியாவும் சீனாவும் தங்கள் நாட்டு உடல்களைக் கொண்டு இதையே செய்தன. திரையைத் தேய்க்கும் மாணவர் தேய்ப்பது இப்படி வந்த ஒருவருடைய உடலைத்தான். உடல் தானம் இல்லையென்றால் அந்த மேசை வெறும் கண்ணாடி.

இன்னொன்றும் உண்டு. அந்த டெக்சாஸ் மனிதரின் உடலில் குடல்வால் இல்லை, ஒரு விரையும் இல்லை. உயிரோடு இருந்தபோதே அறுவை செய்து எடுத்திருந்தார்கள். உலகத்துக்கே மாதிரியாக நின்ற உடலிலும் இரண்டு உறுப்புகள் குறைவு. மனித உடல் அப்படித்தான்.

அடுத்த வாதம், திரையில் படித்தவர்களும் நன்றாகத்தான் மார்க் வாங்குகிறார்கள் என்பது. வாங்கலாம். ஸ்பாட்டர் தேர்வில் கேட்பது அம்புக்குறி காட்டும் இடத்தின் பெயரை. பெயர் சொல்லக் கற்றுத்தருவதில் திரைக்கு நிகர் இல்லை. அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. திரையில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். தொட்டால் பெயர் எழுந்து நிற்கும். கேள்வியோடு விடையும் சேர்ந்தே வருகிறது. ஃபார்மலினில் ஊறிய கையில் மூன்றும் ஒரே பழுப்பு நிறத்தில், கொழுப்புக்கும் சவ்வுக்கும் நடுவே பின்னிக் கிடக்கும். விரல்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். உருட்டினால் ரப்பர் குழாய்போல் திரும்ப எழுவது தமனி. தட்டையாக மடங்கிப்போவது சிரை. உள்ளே துளை இல்லாத கெட்டிக் கயிறு நரம்பு.

நம் பேச்சையே பாருங்கள். டிரிப்ஸ் ஏற்ற வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கலை" என்கிறார். அவர் தேடுவது சிரையை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம், இழுத்தது தசை. தெலுங்கில் 'நரம்' என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த சித்தூர்ப் பிள்ளை, இரண்டு மொழியிலும் ஒரே சொல்லுக்குள் அடைந்து கிடந்ததை முதன்முறையாகக் கையால் பிரித்து அறிவது அந்த ஹாலில்தான். ஒரு நரம்பை அறுக்காமல் சுற்றியுள்ள சவ்வை விலக்க அரை நாள் ஆகும். அறுந்துவிட்டால் திரையில்போலப் பின்னோக்கிப் போகும் பொத்தான் கிடையாது. கூடவே நிற்கும் ஒன்பது பேரும் அந்த நரம்பை இனிப் பார்க்க முடியாது. அந்தச் சங்கடம் ஒரு பாடம். நாளை கத்தி பிடிக்கப் போகிற கைக்கு அது கட்டாயம் வேண்டும்.

உடலுக்கு உடல் வேறுபாடும் அப்படியே. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிவைத்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு நாண் புடைத்து எழும். சிலருக்கு எழாது, அந்தத் தசையே அவர்களுக்கு இல்லை. இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பித்தப்பைக்குப் போகும் தமனி கிளைக்கும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். பித்தப்பையை அகற்றும் சர்ஜன் அதை எதிர்பார்த்தே கத்தியை எடுக்க வேண்டும். தொடையின் பின்புறம் இறங்கும் பெரிய நரம்பு சிலருக்கு இடுப்புக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துவிடும். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் கீழே ஒட்டிக் குதிரை லாடம்போல் இருக்கும். ஒரு ஹாலில் பத்து மேசைகள் இருந்தால் பத்து விதமான உடல்கள். கருவியில் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில.

வெளிநாட்டில் விட்டுவிட்டார்களே என்பார்கள். உண்மைதான். இங்கிலாந்தின் பெனின்சுலா மருத்துவப் பள்ளி 2002இல் உடல் அறுப்பு இல்லாமலே தொடங்கியது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2019இல் திறந்த வளாகத்தில் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து படிக்கிறார்கள். ஆளுக்கொரு கருவி, சிறு குழு என்று அமைந்தால் அதற்கொரு நியாயம் உண்டு. நம் ஊரில் 150 பேர் வகுப்புக்கு ஒரே ஒரு மேசை வந்து நின்றால், பத்துப் பேர் உடலைப் பார்ப்பார்கள். மிச்சப் பேர் அந்தப் பத்துப் பேரின் முதுகைப் பார்ப்பார்கள்.

ஃபார்மலின் கெடுதல் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. அதற்கு மருந்து நல்ல காற்றோட்டம், கையுறை, அளவாகக் கலந்த கரைசல். ஆஸ்திரியாவின் உடற்கூறு அறிஞர் தீல் 1992இல் வெளியிட்ட பதப்படுத்தும் முறையில் உடல் கிட்டத்தட்ட உயிருள்ளதுபோல் வளைந்துகொடுக்கும், ஃபார்மலினும் மிகக் குறைவு.

திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உட்காதின் சுருள், மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள், கரு வளரும் படிகள் ஆகியவற்றைக் கத்தியால் காட்டுவது கடினம். சி.டி. ஸ்கேனைப் படிக்கப் பழகவும் திரை சிறந்த துணை. 1997 விதிகளில் எம்.பி.பி.எஸ். முதல் கட்டம் ஒன்றரை ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருங்கியது. அந்த அவசரத்தில் விட்டுப்போவதை இரவில் விடுதியில் உட்கார்ந்து மீட்டுக்கொள்ளத் திரை உதவும். ஆனால் 2019இல் வந்த புதிய பாடத்திட்டமே உடலை 'முதல் ஆசிரியர்' என்று சொல்லி அதற்கென ஒரு பாடம் வைத்திருக்கிறது. முதல் நாளில் உடலின் முன் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டால் எழும் படத்தின் முன் யார் உறுதிமொழி எடுப்பார்கள்?

கடைசியாக, உடல் கிடைப்பதில்லை என்ற வாதம். இங்கே குறை மாணவரிடமும் இல்லை, கருவியிடமும் இல்லை; நம்மிடம் இருக்கிறது. ஆந்திரக் குடும்பத்தில் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரி 2024 செப்டம்பரில் இறந்தபோது அவர் உடலைக் குடும்பத்தார் டெல்லி எய்ம்ஸுக்குப் படிப்பதற்காகக் கொடுத்தார்கள். திருப்பதியில் 1960இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தூரிலிருந்து எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி. உயிரோடு இருக்கும்போதே கல்லூரியின் உடற்கூறு இயல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிக் கையெழுத்தோடு கொடுத்து வைக்கலாம். கண்ணைத் தனியாகத் தானம் செய்திருந்தாலும் பொதுவாக உடலை ஏற்பார்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் படிவம் மட்டும் போதாது. இறந்த பிறகு பிள்ளைகள் சம்மதித்தால்தான் உடல் போகும். பீரோவில் பூட்டி வைத்த தாள் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. உறவுக்காரர்கள் கூடி, "காரியம் எப்படிப் பண்றது, எதை எரிக்கிறது?" என்று கேட்கும்போது பிள்ளைகள் தடுமாறிப் போவார்கள். அந்தக் கேள்விக்கும் நீங்கள் இருக்கும்போதே பதில் சொல்லிவிடுங்கள்.