ஈச்சங்கள் இறங்கும் மாதம்

தசரா முடிந்து, மெட்டுகுடாவில் காலை நடைக்குச் சால்வை தேவைப்படத் தொடங்கியதும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் நல்கொண்டா பக்கத்தில் உள்ள தன் ஊருக்கு மூட்டை கட்டுவார். காரணம் கேட்டால், "ஈத கள்ளு இறங்கிடுச்சு சார்" என்பார், மாமியார் வீட்டு அழைப்பு வந்த தோரணையில்.

கள்ளுக்குப் பருவம் உண்டு என்பதே தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குத் தெரியாது. 1987 முதல் அங்கே கள்ளுக்குத் தடை. தெலங்கானாவில் இது பாலபாடம்: குளிர்காலத்துக்கு ஈச்சமரம், வெயில் ஏற ஏறப் பனை. பனையில் பாளையைச் சீவுவார்கள். ஈச்சமரத்தில் கொண்டைக்குக் கீழே தண்டையே சீவுவார்கள். மாலையில் கட்டிய பானையில் விடிவதற்குள் சாறு சேர்ந்து, தானே நொதிக்கத் தொடங்கியிருக்கும். குளிர்ந்த இரவில் நொதிப்பு மெதுவாக நடக்கும் என்பதால் விடியற்காலைக் கள் இனிக்கும். வெயில் ஏறினால் புளிப்புதான்.

பீருக்கும் ஒரு காலத்தில் இப்படிப் பருவம் இருந்தது. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று ஜெர்மனியின் பவேரியாவில் 1553இல் ஆணையிட்டார்கள். வெயிலில் கெட்டுப்போகும் என்ற பயம். மார்ச்சில் காய்ச்சி நிலவறையில் வைத்ததை இலையுதிர் காலம்வரை குடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்த குளிர்பதன இயந்திரம் அந்தக் கட்டாயத்தை ஒழித்தது. (பீர் நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டாம். அரிசிக் களியை ஆறவைத்து, முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிடும் முறை பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. எங்கள் எம்.ஏ. வகுப்பில் பேராசிரியர் அந்த இடத்தில் மட்டும் பக்கத்தை வேகமாகப் புரட்டினார்.)

ஹைதராபாத்தில் கள்ளின் பருவத்தை ஒழித்தது இயந்திரமல்ல. 'கள்ளு காம்பவுண்டு' எனப்படும் கடைகள் பலவற்றில் ஆண்டு முழுவதும் அதே வெள்ளை, அதே நுரை. நகரத்தின் தாகத்துக்கு மரம் ஏது? இனிப்புக்குச் சாக்கரின், போதைக்கு குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்பிரஸோலம். 2004இல் நகரக் கடைகளை மூடினார்கள். 2014இல் மறுபடி திறந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் அடைபட்டதும், கை நடுங்கி, பிதற்றிக்கொண்டு, எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.  அவர்களை விடாமல் பிடித்திருந்தது மாத்திரை. 2025 ஜூலையில் குகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தே போனார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள்.

"இங்கேயே கிடைக்குமே, எதற்கு அவ்வளவு தூரம்?" என்று ஒருமுறை எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"மே மாசத்துலயும் ஈத கள்ளு ஊத்தறான் சார். அந்த மாசம் எங்க ஊர்ல ஈதச் செட்டு காஞ்சு நிக்கும்" என்றார்.

போன குளிர்காலத்தில் எனக்காக ஒரு பாட்டில் கொண்டுவந்தார். எல்.பி. நகர் வருவதற்குள் நுரை பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது புளித்த வாடையும் நனைந்த பையும்தான்.