புதினாவுக்குத் தமிழ் வேர் தேடுகிறவர்கள்

'புது'வும் 'இன'மும் சேர்ந்து 'புதினா' ஆயிற்று என்று திமிரியில் தமிழார்வலர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். புதினத்தையும் புதினாவையும் ஒரே பாத்தியில் நட்டுவிட்டார். மகர ஈறு எங்கே போயிற்று, ஆகாரம் எங்கிருந்து வந்தது என்றேன். என்னைத் தமிழ்ப் பகைவன் என்றார்.

பாரசீகத்தில் இதன் பெயர் 'பூதினா'. அரபு மருத்துவ நூல்களில் 'ஃபூதனஜ்'. பகரம் இல்லாத அரபு அதை ஃபகரமாக்கிக்கொண்டது. பழைய பாரசீகப் பெயர்களின் ஈற்றிலிருந்த ககரம் அங்கே 'ஜ்' ஆக நின்றுவிட்டது. பாரசீகம் பின்னர் அந்தக் ககரத்தை இழந்தது. எனவே சொல் அங்கே மிகப் பழையது. தமிழ் வேர் என்பவர் இந்த ஈற்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

திமிரியில் இருந்துகொண்டு பாரசீகத்தை அந்நியம் என்பதுதான் வேடிக்கை. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தபோது அங்கிருந்த படை ஒதுங்கியது திமிரிக் கோட்டையருகே. ஆற்காட்டு நவாபுகளின் தர்பார் மொழி பாரசீகம். சர்க்கார், தாசில், ஜமாபந்தி எல்லாம் அவ்வழி வந்தவையே. மனுக் கொடுக்க இவரும் தாசில்தாரிடம்தானே போகிறார்?

தமிழின் பெருமைதான் வேண்டுமென்றால் இஞ்சியைப் பிடித்துக்கொள்ளலாமே. திராவிடச் சொல்லான அது பாலியில் 'சிங்கிவேர' ஆகி, பாரசீகம் கடந்து, அரபியில் 'ஸன்ஜபீல்' ஆயிற்று, குர்ஆனிலும் இருக்கிறது. கிரேக்கமும் அதை வாங்கிக்கொண்டது. அரபியர் யாரும் அதற்கு அரபு வேர் கற்பித்து என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. ஆம்பூர் பிரியாணி அண்டாவில் இரண்டும் ஒன்றாகத்தான் வேகின்றன. 'பிரியாணி'யும் பாரசீகமே என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.