சிறைக்காவலனுக்குக் கற்பிப்பவர் யார்?

சிறைச்சாலையில் இரத்தம் சிந்தியதும் விசாரணைக் குழு பிறக்கின்றது. எத்தனை குண்டுகள் சுடப்பட்டன, எந்தக் கதவு உடைந்தது, கட்டளையிட்டவர் யார் என்றெல்லாம் அது கேட்கின்றது. கேட்கவேண்டியவைதாம். ஆனால், அந்தக் கதவடியில் நின்ற இளங்காவலனுக்கு முன்னர் என்ன கற்பிக்கப்பட்டது, கற்பித்தவர் யார், கற்பித்த இலட்சணத்தைப் பார்வையிட்டவர் யார் என்ற கேள்வி மட்டும் எமது பொதுவாழ்வில் ஒலிப்பதேயில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் என்ற உரிமையோடு நாம் அதை எழுப்புகின்றோம்.

1983 ஆடி 25, 27 ஆகிய இரு தினங்களில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர். அதே சிறையில் 2012 கார்த்திகை 9ஆந் திகதி, தேடுதலுக்கென விசேட அதிரடிப்படை உள்ளே நுழைந்ததைத் தொடர்ந்து மூண்ட மோதலில் 27 உயிர்கள் போயின; அவர்களுள் எட்டுப் பேரின் கொலைக்காக, முன்னாள் சிறைச்சாலை ஆணையாளர் ஒருவருக்கு 2022 தையில் கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2020 கார்த்திகையில் மஹரவில் 11 பேர் மாண்டனர். 2021 புரட்டாதியில், சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சரே அநுராதபுரச் சிறைக்குள் தமிழ்க் கைதிகளை மண்டியிடவைத்துத் துப்பாக்கி காட்டி மிரட்டினார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, அவர் அந்தப் பொறுப்பைத் துறந்தார்.

இந்தக் கடைசிச் சம்பவத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ‘ஐயா, ஆயுதத்தோடு இங்கே வரலாகாது’ என்று ஓர் அமைச்சரிடம் சொல்லும் துணிவு, சம்பளத்தை நம்பிவாழும் காவலன் ஒருவனுக்கு எங்கிருந்து வரும்? சட்டம் தன் பக்கமே நிற்கின்றது என்று அவனுக்கு யாரேனும் கற்பித்திருந்தால் வரும். கற்பித்தவரே மேலதிகாரியின் முன் கைகட்டி நின்று பழகியவரானால் எப்படி வரும்?

திணைக்களத்துக்கு ஒரு பயிற்சி நிலையம் உண்டு. அதை நடத்துவதும் அதே திணைக்களந்தான். கைதிகளின் தொகையோ சிறைகளின் கொள்ளளவை இருமடங்குக்கு மேல் தாண்டி நிற்கின்றது. ஆளணி போதாதபோது பயிற்சிதான் முதற் பலியாகின்றது; ‘வாட்டுக்கு ஆளில்லை, வகுப்புக்கு எவனை அனுப்புவது?’ என்கிறார்கள். ஆகவே அவனுடைய உண்மையான கலாசாலை, வேலைக்கு வந்த முதல் மாதமும், அருகே நிற்கும் மூத்த காவலரின் தடியுமே. தடியெடுத்தவன் தண்டல்காரன் என்பது அங்கே பழமொழியன்று, பாடத்திட்டம்.

எமது கரைக்கு வருவோம். சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என நீளும் இக்கரையில் தமிழ் பேசுவோர் ஆயிரமாயிரம். 2024இல் கற்பிட்டிக் கடலில் பிடிபட்ட தமிழக மீனவர்கள் புத்தளம் நீதிமன்றில் நிறுத்தப்பட்டு, குருநாகல் மாவட்டத்து வாரியபொல சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தருவைக்குளத்துத் தொழிலாளி ஒருவனுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அவன் சொல்வதை விளங்கிக்கொள்ளும் காவலன் அந்நேரம் கடமையில் இருப்பான் என்று உறுதி கூற யாரால் முடியும்? 2007இன் அரச சுற்றறிக்கை, புதிதாகச் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. நோயாளிக் கைதிக்கு ஐந்தாண்டு காத்திருக்க நேரமேது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இலக்கணம் சொல்லித்தர வருபவரை, கல்வியியற் கல்லூரியில் இரண்டாண்டும் பாடசாலையில் ஓராண்டும் பயிற்றுகின்றோம். பின்வாங்கில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து அவருடைய பாடத்தைக் கேட்கிறார். நாம் பலமுறை நொந்துகொண்ட பரிசோதனைதான். ஆயினும் அது பிள்ளையைக் காக்கின்றது. சாவியும் தடியும் ஏந்தி மனிதரை ஆளவருபவனின் வகுப்பில் பின்வாங்கு ஏன் வெறுமையாய்க் கிடக்கவேண்டும்?

இது எங்கும் நடவாத அதிசயமுமன்று. நோர்வேயில் சிறைக்காவலர் சம்பளத்தோடு இரண்டாண்டு கற்கின்றனர். கூப்பிடு தூரத்துத் தமிழகத்தில், வேலூரிலே, தென்மாநிலச் சிறை அலுவலர்க்கென 1979இல் ஒரு பயிற்சிக்கழகம் எழுந்தது. தமிழகச் சிறைகள் சொர்க்கமாகிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. மாநிலங்கள் கூடி நடத்தும் கூடமொன்று அமையலாம் என்பதே எமது வாதம்.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள், பணியேற்குமுன் பயிற்சி வேண்டும் என்கின்றன. பயிற்சி பெறாதவன் கையில் எந்நிலையிலும் ஆயுதம் கொடுக்கலாகாது என்கின்றன. சிறையைத் திணைக்களம் பார்ப்பது போதாது, வெளியார் சுதந்திரமாகவும் பார்க்கவேண்டும் என்கின்றன. இலங்கை 2017இல் சித்திரவதைக்கெதிரான உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் சேர்ந்து, தடுப்புக் கண்காணிப்பை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அவ்வாணைக்குழு 20 சிறைகளை ஆராய்ந்து 2020 இறுதியில் பெரும் அறிக்கையொன்றை வெளியிட்டது. ஆக, கண்காணிக்கும் கை ஏலவே இருக்கின்றது. அந்தக் கை கூடத்தைத் தொடுகிறது. காவலன் உருவாகும் வகுப்பறையையும் தொடட்டும்.

பயிற்சி நிலையத்தில் சட்டம் போதிக்கச் சட்டம் பயின்றோரும், உளநோய் பற்றிச் சொல்ல மருத்துவரும், தமிழ் கற்பிக்கத் தமிழாசிரியரும் நிலையான நியமனம் பெறவேண்டும். திணைக்களத்துக்குள்ளிருந்து இடமாற்றத்தில் வருவோர் மட்டும் போதாது. கற்பிப்போர் தொகையும், பயிற்சி முடித்தோர் தொகையும், முடிக்காமலே கடமைக்கு அனுப்பப்பட்டோர் தொகையும் ஆண்டுதோறும் மும்மொழியில் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். கடைசித் தொகையைத்தான் நாம் முதலிற் புரட்டிப் பார்ப்போம்.